ஊற்று நின்ற நாள்

கல்யாணமாகி நாற்பதாவது நாள் என் கணவர் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்திரபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அங்கிருந்து ஜீப் போகும் மண்பாதையில் நான்கு மைல் நடை, பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏற்றம். பெட்டியும் படுக்கையும் ஒரு சுமையாளின் தலையில் முன்னால் போயின. நான் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணுக்காலில் இரண்டு அட்டைகள் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கத்திவிட்டேன். கணவர் உப்பு கொண்டுவந்து போட்டார். “இது என்ன, மழைக்காலத்திலே பாக்கணும்” என்றார். அந்த வீட்டில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. பாலக்காட்டுக் கல்பாத்தியை விட்டால் நான் பார்த்திருந்த தூரம் கிழக்கே கோபாலபுரம் செக்போஸ்ட், மேற்கே குருவாயூர், அவ்வளவுதான்.

என் கணவருடைய உத்தியோகம் மழையை அளப்பது. வேலி போட்ட சின்னத் திட்டில் ஒரு செம்புப் பாத்திரம் பாதி புதைந்து நிற்கும். அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, சுவரில் மாட்டியிருந்த கறுப்பு டெலிபோனில் கைப்பிடியைச் சுற்றி, கீழே ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட அது வேண்டுமாம். அந்த ஐந்து நிமிஷ வேலை போக மற்ற நேரம் அவர் காற்றின் திசை, வெயில் நேரம் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். கெட்டவர் இல்லை. பேச்சுதான் வராது. மூன்று வருஷம் அங்கே தனியாக இருந்ததில் அவருக்குப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் வீடு பாறை மேல் இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை. வேலிக்குக் கீழே ஒரு புல் சரிவு. அதற்கும் கீழே தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு அறைகள். எட்டுக் குடும்பம். காலையில் அங்கிருந்து புகை எழும்பும். பெண்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டி, வரிசையாகக் கொழுந்து பறிக்கப் போவார்கள். சாயங்காலம் யாராவது யாரையாவது திட்டுவது கேட்கும். அந்தத் திட்டல் கேட்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும். நான் ஒருநாளும் கீழே இறங்கிப் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் வீட்டில் எப்படி வளர்ந்தேனோ அப்படி இருந்தேன்.

லயத்திலிருந்து மேலே வந்தவள் ஒருத்திதான். அங்கே கூலிகளை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். குழந்தை கிடையாது. வாரத்தில் ஒருநாள் எங்களுக்கு விறகு கொண்டுவந்து போடுவாள். நான் அவளுக்குக் காப்பி கொடுப்பேன், வாசலில் தனியாக வைத்திருந்த ஒரு அலுமினிய டம்ளரில். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கமாக இல்லை.

என் பேச்சு அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். “என்னம்மா நீங்க, மலையாளத்தையும் தமிழையும் சேத்து அரைச்சு வச்ச மாதிரி பேசுதீக” என்பாள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம்.

கர்க்கடக மாதம், நம் ஆடி, பிறந்தது. மழை என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் நாங்கள் இருவரும் பேசாததுகூடத் தெரியவில்லை. துணி காயாது. தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் அளவுக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. கசியவில்லை, ஆனாலும் மாற்றி ஆக வேண்டும் என்று கணவர் ஒரு திங்கட்கிழமை காலை கீழே இறங்கினார். அடிமாலி வரை போய், மறுநாள் வந்துவிடுவதாக ஏற்பாடு.

மறுநாள் மத்தியானம் டெலிபோன் அடித்தது. அதை நான் எடுத்தது அதுவே முதல் தடவை.

“கேட்டியா, ரோடு ரெண்டு இடத்திலே போயிடுத்து” என்றார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நடந்து வரவும் வழியில்லை. ரெண்டு மூணு நாளாகும். நீ காலம்பற எட்டரைக்கு அளந்து ஆபீசுக்குச் சொல்லிடு. கண்ணாடியைக் கண்ணுக்கு நேரா பிடிக்கணும், மேலேர்ந்து பாக்கப்படாது.”

“நான் தனியா இருக்கேனே.”

 “பயப்படாதே. வீடு பாறை மேலே இருக்கு” என்றார். அதோடு லைன் போய்விட்டது.

புதன்கிழமை காலை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நான் மழையை அளந்தேன். கண்ணாடி ஐந்து தடவை நிறைந்தது. உள்ளே ஓடிவந்து எழுதி, கைப்பிடியைச் சுற்றினேன். கீழே ஆபீசில் ஒரு ஆள் எடுத்தார். இருமல்காரர். “மழ எத்ர?” என்று அளவைக் கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து வைத்துவிட்டார். பேச்சு அவ்வளவே.

வேறு வேலை எதுவும் இல்லாததால் மறுபடி வெளியே வந்து வேலியோரம் நின்றேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். வேலிக்குப் பத்தடி கீழே, புல்லின் நடுவே ஒரு கோடு. முதலில் பசு நடந்த தடம் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் தரை பிளந்திருந்தது. விரல் நுழையும் அகலம். வில்லைப்போல வளைந்து, இரண்டு முனையும் லயத்தைப் பார்த்துக் கீழே இறங்கியிருந்தன. மழைத் தண்ணீர் சரிவில் ஓடி வந்து சத்தமில்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே போய் ஆபீசைக் கூப்பிட்டேன். “இங்கே தரையிலே ஒரு விரிசல் காணறது” என்றேன். இருமல்காரர் கொஞ்சம் யோசித்தார். “சார் வந்நால் பறயாம்” என்றார். மேலதிகாரி வந்ததும் சொல்வதாக அர்த்தம். சொன்னாரா, சொல்ல முடிந்ததா, எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை கைப்பிடியைச் சுற்றியபோது டெலிபோன் செத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து நான் விரிசலையும் அளக்க ஆரம்பித்தேன். அதன் இரு கரையிலும் இரண்டு மூங்கில் குச்சிகளை அடித்து, கணவருடைய மரக்கோலை வைத்துப் பார்த்தேன். வியாழன் இரண்டு விரல். வெள்ளி நான்கு விரல். சனியன்று கீழ்க்கரை மேல்கரையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் எழுதினேன். பதிவேட்டில் எழுதவில்லை. அதில் விரிசலுக்குக் கட்டம் இல்லை.

ஏன் இறங்கிப் போய் லயத்தில் சொல்லவில்லை? இந்தக் கேள்வியை நானே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாலக்காட்டிலிருந்து வந்த பெண், மலையைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம் ஒன்று. ஒன்றும் நடக்காமல் போனால் எந்த முகத்தோடு இருப்பது என்ற பயம் இன்னொன்று. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னும் ஒன்று உண்டு. அந்தக் குச்சிகளும் கோலும் காலண்டர் தாளும் எனக்கு ஒரு வேலையாகிவிட்டன. யாருமில்லாத அந்த நாட்களில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை, மழை அளந்துவிட்டு உள்ளே வரும்போது கங்காணியின் மனைவி வாசலில் நின்றாள். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விறகு கொண்டுவரவில்லை.

“அம்மா, ஊத்து நின்னுபோச்சும்மா” என்றாள்.

லயத்துக்குப் பின்னால் பாறை இடுக்கிலிருந்து ஒரு ஊற்று வரும். எட்டுக் குடும்பமும் அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். கோடையிலும் வற்றாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

“நேத்து வரைக்கும் சாயத்தண்ணி மாதிரி கலங்கலா வந்துச்சு. இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து சொட்டுக்கூட இல்ல. இம்புட்டு மழ பெய்யுது, ஊத்துத் தண்ணி எங்கம்மா போவும்?”

நான் அவளை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் விரிசலில் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம் என்ற அளவுக்கு ஆகியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எப்பம்மா பாத்தீக?” என்றாள்.

“நேத்திக்குத்தான்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “மேல காடு இருந்தப்ப இப்படி ஆனதில்ல. அதை வெட்டி கிராண்டிஸ்னு தைல மரம் வச்சதுல இருந்தே தண்ணி தெச மாறிப்போச்சு” என்றாள். பிறகு, “நான் போய் ஆளுகள மேல ஏத்துதேன். நீங்களும் வாங்க. நீங்க சொன்னா கேப்பாக” என்றாள்.

அன்றுதான் முதல் தடவையாக நான் லயத்துக்குப் போனேன். அந்த மழையில் வேலைக்கு யாரும் போகவில்லை. கங்காணி மட்டும் முற்றத்தில் குடை பிடித்து நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காக்கிக் கால்சட்டை, கறுத்த உடம்பு. மனைவி வீடுவீடாகப் போய்ச் சொல்வதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“என்னம்மா, ஆளுகளப் பயம் காட்டுதீக? தொரைகிட்டயிருந்து உத்தரவு வரணும். லயத்தக் காலி பண்ணச் சொல்ல நான் யாரு, நீங்க யாரு?”

“மண் இறங்கினா யார் உத்தரவு கேக்கும்?” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. “எங்காத்துக்கு வாங்கோ. பாறை மேலே இருக்கு. மழை விட்டதும் இறங்கிக்கலாம். ஒண்ணும் ஆகலேன்னா என்னைத் திட்டுங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே, சரிவைத்தான் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார். போகட்டும் என்று அதற்கு அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். கோழி, துணிமூட்டை, ஒரு தையல் மெஷின், ஒரு சாமி படம். என் இரண்டு அறையிலும் கால் வைக்க இடமில்லை. சமையலறையில் யார் யாரோ அடுப்பு மூட்டினார்கள். கையில் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் குடித்தார்கள். எது உள்டம்ளர், எது வெளிடம்ளர் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அதன் தாய் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நான் தனியாக இல்லாத முதல் நாள் அது. சொல்லக் கூடாது, ஆனால் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

கங்காணி கடைசியில்தான் வந்தார். வாசலில் நின்றபடியே காப்பி குடித்தார். மூன்று மணி இருக்கும். மழை சற்றுத் தணிந்திருந்தது. “மாட்ட அவுத்து விட மறந்துட்டேன். கொட்டாயிலயே கெடக்கு. இந்தா வந்துட்டேன்” என்றார்.

“போவாதீக” என்றாள் மனைவி.

“பத்து நிமிசம்.”

அவர் படி இறங்கிப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடையை எடுத்துக்கொள்ளவில்லை. லயத்தின் கோடியில் இருந்த கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார்.

இடி மாதிரி என்று பலர் எழுதுகிறார்கள். நான் கேட்டது அப்படி இல்லை. முதலில் மரங்கள் ஒடியும் சத்தம், உலர்ந்த சுள்ளியை ஒவ்வொன்றாக முறிப்பதுபோல. பிறகு ஒரு பெரிய மூச்சு. வேலிக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும், புல்லோடு, தேயிலைச் செடிகள் நின்றபடி நிற்க, மெதுவாக நகர ஆரம்பித்தது. செடிகள் நடந்து போவதுபோல இருந்தது. அடுத்த கணம் அது தண்ணீராகிவிட்டது. சிவப்புத் தண்ணீர். கண்ணை மூடித் திறப்பதற்குள் லயம் இருந்த இடம் இல்லை. தரை அடியில் நடுங்கியது. அலமாரியிலிருந்து அளவுக் கண்ணாடி விழுந்து உடைந்தது. அதன் பிறகு பச்சை மண்ணும் நசுங்கிய வேரும் கலந்த ஒரு வாசனை வீடு முழுவதும் நிறைந்தது. பல நாள் அது போகவில்லை.

எல்லாரும் ஒரே சமயத்தில் அழுதார்கள். அவள் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் உடைந்து கையில் குத்தியது. நான் கையை இழுக்கவில்லை.

மழை விட்ட இரண்டாம் நாள் ஆண்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஓடைக்கு அப்பால் வெகுதூரம் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள். மாட்டையும் அங்கேதான்.

வியாழக்கிழமை என் கணவர் வந்தார். மேலெல்லாம் சேறு. வழியில் எங்கள் மலையும் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “வந்தேளா” என்றேன். 

அன்று அவரிடம் காலண்டர் தாளைக் காட்டினேன். முந்தின வியாழக்கிழமையிலிருந்து வரிசையாக எழுதியிருந்ததைப் படித்தார். திரும்பவும் படித்தார். “இதை யார்கிட்டயும் காட்ட வேண்டாம்” என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அவரே மழைக் கணக்கைக் கொடுத்தார். நான் அளந்த மழை எண்களை மட்டும் தன் கையெழுத்தில் பதிவேட்டில் எடுத்தெழுதியிருந்தார். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது உயிரைக் காப்பாற்றிய பெண் என்று அவர்களில் ஒருவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. லயத்துக்காரர்களைத் தோட்டத்தின் மறுபக்கத்தில் ஒரு பழைய கொழுந்துக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் தனியாக அங்கே நடந்து போனேன். அவள் ஒரு மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நேத்திக்குத்தான் பாத்தேன்னு சொன்னேனே, அது பொய். அஞ்சு நாள் முன்னாடியே பாத்தேன். தினம் அளந்து எழுதியும் வச்சேன். யார்கிட்டயும் சொல்லலை.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

“நானுந்தாம்மா பாத்தேன்” என்றாள். “மாட்டுக்குப் புல்லறுக்கப் போயி, உங்களுக்கு முந்தியே பாத்தேன். குச்சி அடிச்சு வச்சது நீங்கன்னும் தெரியும். இவருகிட்டச் சொன்னேன். வாயத் தொறக்காத, ஆளு பயந்து எறங்கிரும், பெறவு நான் மேல பதில் சொல்லணும்னாரு. சரின்னு இருந்துட்டேன். ஊத்து நின்ன பெறவுதான் என்னால முடியல.”

“அப்போ அன்னிக்கு ஏன் எங்கிட்ட எப்போ பாத்தேள்னு கேட்டே?”

“நீங்க என்ன சொல்லுதீகன்னு பாத்தேன்.”

கொட்டகையில் ஒரு குழந்தை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஐந்து நாள், ஒரே விரிசலை, சரிவின் மேலிருந்து ஒருத்தியும் கீழிருந்து ஒருத்தியுமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவே பத்து நிமிஷ நடைகூட இல்லை.

பிறகு அவள், “ஒரு காயிதம் எழுதித் தருவீகளா? ஆனைக்கரைல ஏலக்காத் தோட்டத்துல எங்க அண்ணன் இருக்கு” என்றாள். ஒரு குழந்தையின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினேன். அவள் சொன்னது இவ்வளவுதான். “அவரு போயிட்டாரு. மழை விட்டதும் வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.” எப்படிப் போனார் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஆவணி முடிவில் அண்ணன் வந்தான். போகுமுன் அவள் மேலே ஏறி வந்தாள். அடுக்களைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு வழக்கம்போலக் கழுவப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.  “வாரேம்மா” என்று இறங்கினாள். பிறகு அவளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அவளுக்கு எழுதத் தெரியாது, எனக்கு விலாசம் தெரியாது. அண்ணனுக்கு நானே எழுதிய கடிதத்தில் என்ன விலாசம் போட்டேன் என்பதுகூட நினைவில் நிற்கவில்லை.

கணவர் மாற்றல் கேட்டு எழுதினார். உத்தரவு வர தை மாதம் ஆயிற்று. அதுவரை மலையின் அந்தப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கீழே புகை இல்லை, திட்டல் இல்லை. சரிவு முழுவதும் சிவந்த காயமாகக் கிடந்தது. மார்கழிக்குள் அதன் மேல் மெல்லிய புல் முளைத்தது. புது அளவுக் கண்ணாடி வந்திருந்தது. ஒருநாள் காலை எட்டரைக்கு அதை எடுத்துக்கொண்டு வெளியே போன கணவர், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“நீயும் வரயா?” என்றார்.

மழையே இல்லாத காலம். பாட்டிலில் பனித்தண்ணீர் நாலு சொட்டுதான் இருக்கும். இருந்தாலும் போனேன். அவர் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து, “ஒண்ணுமில்லை” என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.